பத்தாம் வகுப்பு முதலாளி

கோவலன் செய்த முதல் தப்பு, பில் இல்லாமல் நகை விற்கப் போனதாம். இரண்டாவது தப்பு, எதிரே வந்த முதல் தட்டானிடமே சிலம்பை அவிழ்த்துக் காட்டியது. "மூணு கடையிலயாவது விலை கேட்டிருக்கணும் ஐயா. எங்க ஆச்சி அரைப் பவுன் கம்மலுக்கே பஜார் முழுக்க நடக்கும்."

நான் அப்போது மதுரை எரிவதற்குத் தயாராகிக் கொண்டிருந்தேன். 26 வருஷமாக அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவேன். பெண் பிள்ளைகளில் இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள். இந்த வருஷம் யாரும் துடைக்கவில்லை. மொத்த வகுப்பும் ஆச்சியின் கம்மலுக்கு என்ன விலை கிடைத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆச்சி கதை சொன்ன இந்தப் பையனை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவிலும் ஒருவன் இருப்பான். கோயில் கொடைக்கு ஐஸ் வண்டி வந்தால் நாம் ஐஸ் வாங்குவோம், அவன் வண்டிக்காரரிடம், "அண்ணே, ஒரு குச்சிக்கு உங்களுக்கு எவ்வளவு நிக்கும்?" என்பான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் முதலாளி. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதைக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

சனியனை விலைக்கு வாங்கியது நாங்கள்தான். பாடங்களோடு தொழில்முனைவையும் படைப்பாற்றலையும் இணைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் தயிர்சாதம் நன்றாக இருந்தது. திரும்பி வந்து பிள்ளைகளிடம், 'எல்லாப் பாடங்களிலும் தொழிலும் படைப்பாற்றலும்: நான் கற்றவை' என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னோம். எல்லாரும் 'படைப்பாற்றல் மிக முக்கியம் ஆகும்' என்று தொடங்கி அரைப் பக்கத்தில் முடித்திருந்தார்கள். 'முக்கியம்' எழுதியதில் 14 பேருக்கு ஒரே இடத்தில் ஒரே பிழை. முதலாளி மட்டும் 11 பக்கம் கொடுத்தான். முன்னால் பொருளடக்கம், நடுவில் பட்டியல், கடைசிப் பக்கத்தின் அடியில் 'அடுத்த பதிப்பு கூடுதல் தகவல்களுடன்.'

அதில் நாலரைப் பக்கம் சிலப்பதிகாரம்.

மாதவியின் மாலை 1008 கழஞ்சு பொன். கூனி தெருவில் நின்று கூறி விற்கிறாள், கோவலன் வாங்குகிறான். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. முதலாளி அதன் பக்கத்தில் கோடு போட்டு எழுதியிருக்கிறான்: 'பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டான். வியாபாரி மகனுக்கு இது அழகல்ல. அப்பா மாசாத்துவான் அப்பவே கடைச் சாவியை வாங்கி வைத்திருக்க வேண்டும்.' அடுத்தது பாண்டியன் அரண்மனை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். 'அரண்மனையில் ஒரு இருப்புப் பதிவேடு இருந்து, அதில் பரல் என்ன என்று ஒரு வரி எழுதியிருந்தால் மதுரை எரிந்திருக்காது. இரண்டு ரூபாய் நோட்டு. அதை வாங்காமல் ஒரு ஊரே போச்சு.'

ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று இளங்கோ சொன்னதற்குப் புலவர்கள் எத்தனையோ உரை எழுதியிருக்கிறார்கள். இருப்புப் பதிவேடு யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிவப்பு மை ஓடவில்லை. கோவலன் இரண்டு சிலம்பையும் எடுத்துப் போகவில்லை, ஒன்றைத்தான் கொண்டுபோனான். முதலாளி எழுதுகிறான்: 'அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல வியாபாரம் இதுதான். முழு முதலையும் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டில் ஒன்று மிச்சம் இருந்ததால்தான் கண்ணகியால் கையில் சிலம்போடு அரசவைக்குப் போய் வழக்காட முடிந்தது.' நான் அந்தக் காதையை நடத்திய தடவைகளுக்குக் கணக்கில்லை. அந்த ஒற்றைச் சிலம்பை நான் ஒரு தடவைகூட இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு சரி போட்டேன். போட்ட பிறகு எரிச்சலாக வந்தது.

மற்றப் பாடங்களுக்கு இவ்வளவு இடம் கிடைக்கவில்லை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததற்கு ஒரே வரி: 'இரண்டு மூங்கில் போதும்.' மயிலுக்குப் போர்வை தந்த பேகனுக்கு அதுவும் இல்லை, ஒரு ஆச்சரியக்குறி. அறிவியலில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிருக்குக் காப்புரிமை வாங்காமல் விட்டதைக் கேட்டு அவன் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அறிவியல் டீச்சர் சொன்னார். கணக்கு வாத்தியார் ஒருவருக்குத்தான் அவனைப் பிடிக்கும். அவர் பெயரில் மூன்று சீட்டு ஓடுகிறது.

வரலாற்றுச் சார் பாவம். பாடத்தில் வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனிக்கு வந்தார். 1906-ல் தொடக்கம், 10 லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். எங்களுக்கு வ.உ.சி. பாடப்புத்தகப் படம் மட்டுமல்ல. அவர் பிறந்த ஒட்டப்பிடாரம் இங்கிருந்து பஸ் பிடித்தால் போய்விடும் தூரம். சார் உருக்கமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடுகிறது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைக்கிறது, இவர்களும் குறைக்கிறார்கள், கடைசியில் அவன் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுக்கிறான். முதலாளி எழுந்தான்.

"குடை கொள்முதல் என்ன விலை சார்?"

சார் உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. "இல்ல சார், அவன் நஷ்டத்துக்கு ஓட்டுதான். எவ்வளவு நாள் ஓட்ட முடியும்னு அவனுக்குத் தெரியும். இவருக்கு அதுவரைக்கும் தாங்கக் காசு இல்ல. சனங்க குடைய வாங்கிட்டு அந்தப் பக்கம் போயிருக்கு சார்!" கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டதாம். கப்பல்களில் ஒன்றைப் பின்னால் அந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள் என்று சார் சொன்னதும் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தானாம். சாரே ஓய்வறையில் இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இந்த அனுதாபத்தில்தான் நான் ஏமாந்தேன். இவனை ஒரு தடவையாவது வாயடைக்க வேண்டும் என்று ஒரு ஆயுதம் வைத்திருந்தேன். பக்கத்து ஊர் பாரதியார் பிறந்த எட்டயபுரம். "ஏலே, பாரதியார் என்ன லாபத்துக்கு எழுதினார்? சொல்லு பாப்போம்" என்றேன். வகுப்பு அமைதியானது. அவனும் உட்கார்ந்துவிட்டான். அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் மணியிலேயே கையில் நூலகப் புத்தகத்தோடு நின்றான். பாரதியார் கடையத்தில் இருந்தபோது, 1920-ல், தன் எழுத்துகளை எல்லாம் அச்சிடப் பணம் கேட்டு அனுப்பிய சுற்றறிக்கை. 40 புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீடு வீடாக விற்றுத் தீரும் என்று நம்பிக்கை. எனக்கும் இது தெரிந்த விஷயம்தான். ஆனால் தீப்பெட்டியிலேயே பிழைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒப்புமையை நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை.

"நாலு லட்சம் பிரதி ஐயா. நான் பெருக்கிப் பாத்தேன். சரக்கு நல்ல சரக்கு. ஏஜென்ட் யாருன்னுதான் எழுதல." கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பணம் வரவே இல்லையா ஐயா?"

"வரலைடா. மறு வருஷம் செத்துப்போனார்."

"நான் இருந்திருந்தா போட்டிருப்பேன் ஐயா."

இவனை என்ன செய்வது, சொல்லுங்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் இப்படி ஒன்றைச் சொல்லிவிடுகிறான்.

ஆனால் அவன் என்னிடமே கைவரிசையைக் காட்டினான். கட்டுரைப் பகுதிக்கு நான் கையால் எழுதிக் கொடுத்த குறிப்புகளை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன்களிடம் ஒரு செட் 15 ரூபாய்க்கு விற்றிருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டால், "உங்களுக்கு அஞ்சு சதவீதம் ராயல்டி போட்டிருக்கேன் ஐயா" என்றான். காதைத் திருகி அனுப்பினேன். அதற்கு முந்தின வாரம் ஓய்வறைக்குத் தேநீரும் வடையும் வந்ததும், யார் வாங்கியது என்று கேட்காமல் நாங்கள் தின்றதும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவன் நோட்டில் என் பெயருக்கு எதிரே பற்று: தேநீர் 1, வடை 2. நான் தின்றது ஒரு வடை. இன்னொன்று கணக்கு வாத்தியார்.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். லேபிள் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் 11 பக்கத்தில் 'படைப்பாற்றல்' என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது அவன் தொழில்தான். நோட்டுக்கு ஒட்டும் லேபிள். கடை லேபிளில் பொம்மைப் படம் இருக்கும். இவன் கையால் வரைந்த லேபிள் விற்றான். சுற்றிலும் பூக்கோலம், மூலையில் ஒரு குருவி, நடுவில் பெயர் எழுத இடம். ஒன்று ஐந்து ரூபாய். மொத்தம் 92 விற்றது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆண்டு விழாவில் இதற்காக அவனை மேடையில் ஏற்றி ஒரு துண்டு போர்த்தினார்கள். தலைமை விருந்தினர் படைப்பாற்றலைப் பற்றி 20 நிமிஷம் பேசினார்.

அந்தக் குருவி அவன் வரைந்ததல்ல. அவனுக்கு நேராகக் கோடு போடவே ஸ்கேல் வேண்டும். வரைந்தது மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும் ஒரு பெண். அவள் கட்டுரை அரைப் பக்கம்தான்; 'முக்கியம்' என்பதில் பிழை விட்ட 14 பேரில் அவளும் ஒருத்தி. ஆனால் அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. வாலை மட்டும் நாலு கோட்டில் முடித்திருந்தாள், பறக்கப் போகிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

லேபிளுக்கு இரண்டு ரூபாய் என்று அவளிடம் பேச்சு. 92 லேபிளுக்கு 184 ரூபாய். முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்காமல் நோட்டை நீட்டினான். வரவு 460. காகிதம், கலர்ப் பேனா வகையில் 40. கொடுக்க வேண்டிய கூலி 184. நிகர லாபம் 236. கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்து, "கொடுபடாத கூலியைக் கடன் பக்கம் எழுதியிருக்கான் பாருங்க, பி.காம். படிச்சவனே விட்டுடுவான்" என்று மெச்சினார். கணக்கு சரிதான். காசுதான் போய்ச் சேரவில்லை. நடுவில் அவளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்ததை முன்பணம் என்று எழுதி அதில் பத்து ரூபாயும் கழித்திருந்தான்.

"ஏன் குடுக்கல?"

"பொங்கலுக்கு அப்புறம் தாரேன்னு சொல்லியிருக்கேன் ஐயா. இப்ப அதை ஸ்டிக்கர்ல போட்டிருக்கேன். சுழற்சியில இருக்கு."

நாங்கள் சொல்லிக்கொடுக்காத பாடம் ஒன்றுமில்லை. கொள்முதல், விற்பனை, லாபம், கைதட்டல் எல்லாம் அவனுக்குத் தெரியும். கூலியைக் கையில் கொடுக்கிற பக்கத்தைப் பயிற்சியில் எங்களுக்கும் யாரும் நடத்தவில்லை. அந்த மேடையில் நானும் கை தட்டினேன். துண்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான். கோவலனுக்கு நாலரைப் பக்கத்தில் தணிக்கை எழுதத் தெரிந்தவனுக்கு, மூன்றாவது பெஞ்ச் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். கட்டைக் கணக்குப் பண்ணிச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை போடலைன்னா திங்கக்கிழமை யாரும் ஆபீஸுக்குப் போக மாட்டாங்க ஐயா. எங்கம்மா சொல்லும்." அதற்குப் பிறகு அவள் லேபிள் வரையவில்லை. முதலாளி பெரிய விருந்தாளி மாதிரி இரண்டு தடவை அந்தப் பெஞ்சுக்குப் போய்த் திரும்பி வந்தான். ஸ்டிக்கருக்கு அவனே ஒரு குருவி வரைந்து பார்த்திருக்கிறான். பார்த்தவர்கள் கோழி என்றார்கள்.

பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. 11 பக்கத்துக்கு நான் பத்துக்கு எட்டு போட்டேன். அந்த ஒற்றைச் சிலம்புக்காக. அவளுடைய பாக்கி, கடலைமிட்டாய் போக, 174 ரூபாய்.