நதிமூலம், ரிஷிமூலம், கத்திமூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்த பெரியவர்கள் பேனாக்கத்தியை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அது எங்களைப் போன்றவர்கள் பிழைத்துப் போகட்டும் என்றுதான் இருக்க வேண்டும். பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிக்கிறவனுக்கு மூலம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. கத்தி வெட்டுமா என்று அவன் கேட்பதே இல்லை. எந்த ஊரில், எந்த வருஷம், யார் பட்டறையில் பிறந்தது என்றுதான் கேட்பான். வரன் பார்க்கிற மாமாக்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

கத்தியின் ஜாதகம் அலகின் அடியில், கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. ‘டேங்’ என்போம். சுண்டுவிரல் நகத்தின் அகலம் இருந்தால் அதிகம். கம்பெனி பெயர், ஊர், நாடு எல்லாவற்றையும் அதற்குள் பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். இணையத்தில் விற்கிறவர்கள் கத்தியைக் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், பாசி படிந்த பாறைமேல், ரோஜா இதழ்களுக்கு நடுவில் என்று விதவிதமாகப் படம் எடுத்துப் போடுவார்கள். டேங் மட்டும் எதிலும் தெரியாது. தெரிகிற படம் ஆடிப்போயிருக்கும். விசாரித்தால் பேச்சு இப்படிப் போகும்:

“ஒரிஜினல்தானா?”

“நூத்துக்கு நூறு ஒரிஜினல் சார்.”

“எந்த ஊர்ல செஞ்சது?”

“உங்களுக்கு எந்த ஊர் சார் வேணும்?”

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் கேஸ் கம்பெனியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் செய்கிற கத்திகள். 1965இல் முத்திரையில் ‘யு.எஸ்.ஏ.’ என்று சேர்த்தார்கள். 1970இல் அதற்குக் கீழே பத்துப் புள்ளி வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1979இல் ஒற்றைப் புள்ளி. 1980இல் மறுபடியும் பத்து. வருஷம் ஏற ஏற எண்ணிக்கை இறங்குகிற இந்தக் கணக்கு நம் கதாநாயகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மாதிரி எண்ணிலும் சேதி உண்டு. 6254 என்றால், முதலில் வரும் 6 எலும்புக் கைப்பிடி, அடுத்த 2 இரண்டு அலகு, 54 அந்த வடிவத்தின் எண்.

இதையெல்லாம் வீட்டில் விளக்கினால் மதிப்பு கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. “ஏங்க, வெண்டைக்காய் நறுக்க ஒண்ணு குடுங்கன்னா, ஏழு புள்ளி, 1973ன்னு சொல்லி உள்ள வச்சுப் பூட்டுறீங்க. பூட்டுறதுக்கு எதுக்கு அத்தனை கத்தி?” என்பது என் மனைவியின் வாதம். சேகரிப்பாளர்கள் கூடுகிற இடங்களில் இதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

புள்ளியை எண்ணத் தெரிந்தவன் இருக்கிற உலகத்தில் புள்ளி வைக்கத் தெரிந்தவனும் இருப்பான். அதனால் முத்திரையை மட்டும் நம்ப முடியாது. அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகியிருக்க, எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய கைப்பிடிக்குள் புது அலகு குடியேறியிருக்கலாம். ரிவெட்டைச் சுற்றிச் சுத்தியல் பட்ட தடம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல கத்தியை விரித்து மடக்கினால் ஸ்பிரிங் ‘டக்’கென்று பேசும். இணையத்தில் அந்தப் பேச்சைக் கேட்க வழியில்லை. அங்கே பேசுவதெல்லாம் விற்கிறவர்தான்.

சரி, லென்ஸ் வைத்துப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது நிம்மதி வருமா என்றால், ஊரே காலை வாருகிறது. பிரான்ஸில் லாயோல் என்று ஒரு சின்ன ஊர். ஒடிசலான கைப்பிடி, முதுகில் ஒரு தேனீ என்று அந்த ஊர்க் கத்தி உலகப் புகழ் பெற்றது. நெப்போலியன் கொடுத்த தேனீ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. 1993இல் ஒரு வியாபாரி ஊர்ப் பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிவுசெய்து, லைட்டர், மேஜைத்துணி என்று கண்ட சரக்குக்கும் சூட்டினார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு 2012இல் தோற்றார்கள். தோற்ற கோபத்தில் ஊர்ப் பெயர்ப் பலகையையே பிடுங்கிவிட்டார்கள். 2019இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. இதில் வேடிக்கை, பல பத்தாண்டுகளாக அந்தக் கத்தியைப் பெரும்பாலும் செய்துவந்தது தியேர் என்ற வேறொரு ஊர். லாயோலிலேயே மறுபடி பட்டறை சூடுபிடித்தது 1987இல்தான். ஆகவே பழைய லாயோல் கத்தி ஒன்று தியேரில் பிறந்தது என்று தெரிந்தால் அதைப் போலி என்று தள்ளிவிட முடியாது.

சுவிஸ் ராணுவக் கத்தி கதையும் இதேதான். 1891இல் சிப்பாய்களுக்குக் கொடுத்த முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது. அவ்வளவு கத்திகளைச் செய்து தள்ளுகிற வசதி அன்று சுவிட்சர்லாந்தில் எந்தப் பட்டறைக்கும் இல்லை. அந்தத் தொகுதியைத் தேடி அலைகிறவர், டேங்கில் ஜெர்மன் ஊர் பெயர் இருந்தால்தான் அசல் சுவிஸ் கத்தி கிடைத்தது என்று துள்ள வேண்டும்.

அந்த ஜெர்மன்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளைப்போல முத்திரை அடித்து மலிவாகத் தள்ளினார்கள். பொறுக்க முடியாமல் 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டு வேஷம் போடக் கூடாது, பிறந்த நாட்டைச் சொல்லியாக வேண்டும். மட்டமான சரக்கு, ஜாக்கிரதை என்று ஊருக்குச் சொல்லத்தான் ‘மேட் இன் ஜெர்மனி’ முத்திரை வந்தது. கொஞ்ச காலத்தில் ஜனங்கள் அதையே தேடி வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் சோலிங்கன் பெயரை மற்றவர்கள் திருடாமல் காக்க 1938இல் ஜெர்மனி தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

அலகில் அலையலையாகக் கோடு ஓடுகிற ‘டமாஸ்கஸ்’ கத்திகளுக்கு வருவோம். இன்று அந்தப் பெயரில் வருவது இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து, அமிலத்தில் தோய்த்து எடுத்த கோடு. பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகுக் கட்டிகள் நம் தென்னிந்தியாவிலிருந்து போனவை. மூசையில் எஃகு உருக்கிய தடயம் நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்திருக்கிறது. லண்டன் கத்திக்காரர் ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி ஃபாரடேயும் 1820ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த எஃகின் ரகசியத்தை அறியப் படாத பாடு பட்டார்கள். “இது சிரியா ஐட்டம் சார்” என்று ஒருவர் சொன்னபோது, ஈரோட்டுப் பக்கம் என்று திருத்தினேன். அதற்கப்புறம் அவர் என் செய்திகளுக்குப் பதில் போடுவதில்லை.

இத்தனை படித்தபின் எனக்கு மிஞ்சிய ஞானம் ஒன்றுதான்: கத்தியின் ஊரைக் கண்டுபிடிப்பதைவிட விற்கிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். டேங் படம் கேட்டதும் கோபித்துக்கொள்கிறவர், சான்றிதழ் அனுப்புகிறவர், நெப்போலியனைக் கூப்பிடுகிறவர் மூவரையும் ஒதுக்கிவிடலாம். அண்மையில் ஒருவர், கேட்காமலே டேங்கைப் பளிச்சென்று படம் எடுத்துப் போட்டிருந்தார். எழுத்து மொத்தமும் தேய்ந்துபோயிருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். “தெரியாது சார். தாத்தா வச்சிருந்தது. பென்சில் நல்லா சீவும்” என்றார். மறுபேச்சில்லாமல் பணத்தை அனுப்பினேன். போலி செய்கிறவன் ஒரு ஊர் பெயரைக்கூடப் போடாமலா விட்டிருப்பான்?