அரண்மனை முதல் ஆயில் டேங்க் வரை

மாமியார்–மருமகள் சண்டை இல்லாத சரித்திரத் தொடர் உண்டா?

உண்டு. ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ (தூர்தர்ஷன், 1988), 53 பகுதிகள். நேருவாக வந்தவர் ரோஷன் சேத். சிலப்பதிகாரமும் அதில் இருக்கிறது. மாமியார் சண்டை இல்லை, மாதவி உண்டு!

நாத்திகர் எழுதிய பக்தித் தொடரை நம்பிப் பார்க்கலாமா?

2015-ல் ‘ராமானுஜர்’ தொடருக்குக் கலைஞர் வசனம் எழுதியபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி, ரகசிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னவராம் ராமானுஜர். டி.வி.க்கு இதைவிடப் பொருத்தமான நாயகர் கிடைப்பாரா?

‘தமஸ்’ பார்த்தால் தூக்கம் கெடுமாமே?

நீதிபதிகளையே உட்கார்ந்து பார்க்க வைத்த தொடர் அது! கோவிந்த் நிஹலானி எடுத்த பிரிவினைக் கதை. 1988-ல் தடை கேட்டு வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் முழுவதும் பார்த்துவிட்டுத் தடையை மறுத்தார்கள். உச்ச நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை.

மதவெறியைத் தூண்டும் படமல்ல, அது எப்படித் தூண்டப்படுகிறது என்று காட்டும் படம்.

ராஜா, ராணி எல்லாம் தஞ்சாவூர், மதுரைக்கே போயிட்டாங்க. எங்க மாத்தூர், மணலி, ராயபுரம் பக்கம் சரித்திரமே இல்லையா சார்? (மாத்தூர் வாசகர்)

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கிருந்து கிளம்பியதாம்? ராயபுரத்திலிருந்து! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் குண்டு வீசி, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. 1921-ல் பின்னி ஆலை வேலைநிறுத்தம். கதை தயார்.

கிரீடம், வாள் எல்லாம் கோடம்பாக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும். ஜெர்மன் போர்க்கப்பலுக்குத்தான் தயாரிப்பாளர் எங்கே போவார்?