கூரை இல்லாத குறை

உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகத்தைத் திருகோணமலைக்கு அருளிய பகவான், அதன் கரையில் குளிரூட்டிய பேரங்காடி ஒன்றை எழுப்ப மறந்துவிட்டபடியால், நம்மவர்கள் இரவுப் புகையிரதமேறிக் கொழும்புக்குச் சென்று, காலி முகத்திடலின் அருகே 2019 இல் திறக்கப்பட்ட 'வன் கோல் பேஸ்' என்னும் மாளிகையைத் தரிசித்து வருவதை ஒரு விரதமாகவே கொண்டிருக்கிறார்கள். அங்கே நகரும் படிக்கட்டின் முன் ஒற்றைக் காலைத் தூக்கியவண்ணம் தியானத்தில் நிற்கும் பெரியவர்களையும், கைப்பையின் விலைச்சீட்டை வாசித்துவிட்டு அதைப் பயபக்தியுடன் இருந்த இடத்திலேயே சயனிக்க வைக்கும் குடும்பத் தலைவிகளையும் காணலாம். வாசலுக்கு வெளியே இந்து சமுத்திரம் காற்றை இலவசமாக வீசிக்கொண்டிருப்பதை, பாவம், ஒருவரும் பொருட்படுத்துவதில்லை.

நம்மூரிலோ, 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் கற்களைக் கொண்டே எழும்பியதாகச் சொல்லப்படும் பிரெட்ரிக் கோட்டைக்குள், கோயிலுக்கு ஏறும் பாதையோரமெங்கும் விளையாட்டுப் பொருட்களும் அலங்காரச் சாமான்களும் பரப்பிய கடைகள் உள்ளன. பேரம் பேசினால் கடைக்காரர் கோபிப்பதில்லை, பேசாவிட்டால்தான் சந்தேகிப்பார். தலைசுற்றுவதற்கு, கோயிலருகே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு இருக்கிறது. வாடிக்கையாளர் கையிலுள்ள பழத்தைப் பரிசோதனை செய்யும் உத்தியோகத்தை, சீருடை அணிந்த காவலாளிகளுக்குப் பதிலாகப் புள்ளிமான்கள் சம்பளமின்றி வகிக்கின்றன. இவற்றைப் படம்பிடிக்கக் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம்மவர்களோ அவர்களுக்கு வழிகாட்டிவிட்டு, அந்த நகரும் படிக்கட்டு இப்போது சௌக்கியமாக ஓடுகிறதா என்று விசாரிக்கிறார்கள்.