கோலி தெலுங்கில் கத்தும்போது

கல்லூரி திறந்த கையோடு முதல்வர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் கால்பந்து அணி உங்கள் பொறுப்பு என்றார். பி.டி. சார் நாற்காலி காலியாகக் கிடந்த நேரம். நானோ தமிழ்த்துறை. “சங்க இலக்கியத்திலேயே பந்து இருக்காமே ஐயா?” என்றார். அது பெண்கள் ஆடிய பந்து என்று நான் சொல்வதற்குள் உத்தரவில் கையெழுத்தே போட்டுவிட்டார்.

அறிவிப்பு ஒட்டிய அன்றே நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கால்பந்துப் பித்தா என்று எனக்குப் பூரிப்பு. ஆடப் போகிறவனுக்கு ஓ.டி. உண்டு, அதாவது வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. மைதானத்துக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். அதிலும் நாலைந்து பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கம்பெனி சட்டையோடு வந்து கோல் கம்பத்தில் சாய்ந்து தூங்குவார்கள்.

எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தடாக்காரன். பந்து தூரத்தில் இருக்கும்போது தமிழில் பேசுவான். கிட்டே வந்துவிட்டால் தெலுங்கில் கத்துவான். பேக் இருவருக்கும் தெலுங்கு தெரியாது. பந்து வலைக்குள் போன பிறகு மூவரும் தமிழுக்குத் திரும்பிச் சண்டை போடுவார்கள்.

2023 ஜூலை 14 அன்று எளாவூரில் ஒரு பயிற்சி ஆட்டம். இங்கே வளர்ந்தவர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா ஒன்றும் தூரமில்லை. ராக்கெட் போனால் மாடியேறிப் பார்த்துவிட்டு இறங்கிவந்து சாப்பிடுவோம். ஆனால் அன்று போனது சந்திரயான்-3. மணி 2.35க்கு வடக்கே புகைக்கோடு எழும்பியதும் எங்கள் பதினோரு பேரும் அண்ணாந்து நின்றுவிட்டார்கள். நடுவரும்தான். எதிரணியில் ஒரு பாவி மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. ராக்கெட்டின் உறுமல் எங்கள் ஊருக்கு வந்து சேர ஒன்றரை நிமிஷம் பிடிக்கும். அது வந்து சேர்வதற்குள் அவன் இரண்டு கோல் போட்டிருந்தான். முதல் கோலுக்குப் பிறகு பந்தை நடுவில் வைத்து உதைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அதே மாதம் இந்திய அணி சாஃப் கோப்பையை வென்று, உலகத் தரவரிசையில் 99ஆம் இடத்துக்கு ஏறியது. ஆகஸ்ட்டில் டூரண்ட் கோப்பையில், சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒரே கோல் அடித்து ஈஸ்ட் பெங்காலுக்கு மோகன் பகானை வென்று கொடுத்தார். பிள்ளைகளுக்கு ரோஷம் வரட்டும் என்று அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்துவிட்டு எங்கள் ஃபார்வேர்டு கேட்டான்: “அந்த ஷூ என்ன விலை ஐயா இருக்கும்?”

கேட்டதில் தப்பில்லை. எங்களிடம் ஆளுக்கொரு ஸ்டட் ஷூ கிடையாது. வெளியே வருகிறவன் கோட்டோரம் உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவன் உள்ளே போக முடியும். ஆகவே ஆள் மாற்றுவதில் நான் கடைப்பிடித்த வியூகம் எளிமையானது: எட்டாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் கால்.

மண்டலப் போட்டி நாக் அவுட். தோற்றால் அன்றோடு சீசன் காலி. கால்பந்துச் சட்டத்தில் எனக்கு மனப்பாடமான விதி ஒன்றுதான்: ஒரு பக்கத்தில் ஏழு பேராவது இல்லாமல் ஆட்டம் தொடங்காது. எங்களுக்கு வேண்டிய விதியும் அதுதான். மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும். எளாவூர், ஆரம்பாக்கம், தடா ஆட்களுக்குச் சூலூர்பேட்டை வண்டிதான் கதி. அதை விட்டால் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிக்காரரின் தயவு. போனிலேயே தலையெண்ணி, ஒருவழியாக ஒன்பது பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எதிரே ஆறு பேர். ஏழாவது ஆள் கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டானாம். நடுவர் வாட்ச்சைப் பார்க்கிறார். நான் நடுவரைப் பார்க்கிறேன். விசில் ஊதிவிட்டார். வாக் ஓவர்! பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். பந்து இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அடுத்தது காலிறுதி. 0-9. அதில் எழுத ஒன்றுமில்லை. ஒன்பதும் தெலுங்கில் விழுந்தவை.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ‘மண்டலக் கால்பந்தில் காலிறுதி வரை முன்னேறி நம் அணி சாதனை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கோலி ஓ.டி. படிவத்தோடு வந்து நின்றான். இரண்டு நாளும் குறித்திருந்தான்.

“வாக் ஓவர் அன்னிக்கு நீ ஆடவே இல்லையேடா?”

“நாம ஜெயிச்சது அன்னிக்குத்தானே ஐயா?”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.