தூரம் தெரியும், உறவு தெரியாது

டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காட்சியில் எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பது முதல் கேள்வி, அதற்கு ஜூம். உள்ளே வந்ததில் எது தெளிவாக விழ வேண்டும் என்பது இரண்டாவது, அதற்கு ஃபோகஸ். இரண்டையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று கடைக்காரர் சொல்வார். அது பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. தூரம், வெளிச்சம், கறுப்பு வெள்ளை எல்லாம் அதற்குத் தெரியும். உறவுமுறை மட்டும் தெரியாது. மணமகள் யார், அவள் பின்னால் சீர்த்தட்டோடு நிற்பவர் யார், தூணில் சுற்றிய சரிகைத் தாள் எது என்பதெல்லாம் அதன் கணக்கில் ஒன்றுதான். கேமராவில் உள்ள பாதிப் பொத்தான்கள் இந்தக் குறையை ஈடுகட்ட வைக்கப்பட்டவை.

சிறிய கேமராக்களில் ஜூமுக்கு ஷட்டர் பொத்தானைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். ஒரு பக்கம் ‘டபிள்யூ’, மறுபக்கம் ‘டி’ என்று பொறித்திருப்பார்கள். முதல் பக்கம் தள்ளினால் காட்சி அகலும். மறுபக்கம் தள்ளினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். லென்ஸ் மாற்றும் வசதியுள்ள பெரிய கேமராக்களில் லென்ஸின் மேலுள்ள ரப்பர் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். எப்படிச் செய்தாலும், லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தொலைவை மாற்றுகின்றன. அதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். மண்டபத்தின் நடுவில் நின்று எடுத்தால், 24 மி.மீ.யில் மேடை, தூண், நாற்காலி வரிசை, அதில் வாய் பிளந்து தூங்குபவர் என்று சகலமும் உள்ளே வந்துவிடும். 50 மி.மீ.யில் மேடை மட்டும். 200 மி.மீ.யில் மணமக்களும், அவர்களுக்கு நடுவே தலையை நீட்டும் ஒரு பெரியவரும்.

போட்டோ கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ் 1959-இல் வெளியான ஃபோக்ட்லேண்டர் ஜூமார். ஃபிராங்க் பேக் வடிவமைத்தது. 36 முதல் 82 மி.மீ. வரை போகும். அதற்கு முன்பு லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டும், இல்லையென்றால் படம் எடுப்பவர் நடக்க வேண்டும். ஜூம் வந்த பிறகு நடப்பது நின்றது. ஆனால் ஜூமும் நடையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 24 மி.மீ.யில் வைத்துக்கொண்டு முகத்தருகே போனால் மூக்கு முன்னே வந்து, காது பின்னே போய், இரண்டு குடும்பங்களுக்கு நடுவே பேச்சுவார்த்தை நின்றுபோகும். நாலடி பின்னால் வந்து 85 அல்லது 100 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அதே முகம் லட்சணமாக விழும். குழுப் படத்தை மிகவும் அகலமாக வைத்து எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு, உள்ளதைவிட ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவார்கள். ஆகவே ஓரத்தில் நிறுத்த ஒல்லியானவர்களே உசிதம். சம்பந்தி வீட்டாரை நடுவில் நிறுத்துவதற்கு மரியாதை ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

கேமரா வாங்கப் போனவர் காதில் முதலில் விழுவது ‘எக்ஸ்’. ஐந்து எக்ஸ், பத்து எக்ஸ், எண்பது எக்ஸ் என்று ஏலம் போகும். இந்த எண் சொல்வது ஒரு விகிதத்தை: லென்ஸின் மிக நீண்ட குவியத் தொலைவைக் குறுகியதால் வகுத்தால் வருவது. 24–120 மி.மீ. லென்ஸும் ஐந்து எக்ஸ்தான், 100–500 மி.மீ. லென்ஸும் ஐந்து எக்ஸ்தான். முதலாவதில் மண்டபம் வரும். இரண்டாவதில் மண்டபக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் காகம் வரும். எக்ஸை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு எது வாய்க்கும் என்பது அவரவர் ஜாதகம்.

இந்தப் போட்டியின் உச்சம் நிக்கான் பி1000. 2018-இல் வந்தது; 125 எக்ஸ், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24 முதல் 3000 மி.மீ. வரை. எடை ஏறத்தாழ 1.4 கிலோ. நிலாவை எடுக்கவென்றே அதில் தனி நிலை உண்டு. வாங்கியவர்களும் முதல் பௌர்ணமியன்றே மொட்டை மாடி ஏறினார்கள். 3000 மி.மீ.யில் நிலா ஏறக்குறையச் சட்டம் முழுவதையும் நிரப்பும். பூமி சுற்றுவதால் சுமார் இரண்டு நிமிடத்தில் அது தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். எடுப்பவர் மூச்சை அடக்கி, கொசுவைப் பொறுத்து, பொத்தானைத் தேடுவதற்குள் சட்டத்தின் ஓரத்துக்குப் போயிருக்கும்.

இதுவரை சொன்னது கண்ணாடியால் நடக்கும் ஜூம். டிஜிட்டல் ஜூம் என்று இன்னொன்று உண்டு. அதில் கண்ணாடி அசைவதே இல்லை. சென்சாரில் விழுந்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி, ஊதிப் பெரிதாக்குகிறது கேமரா. 20 மெகாபிக்சல் கேமராவில் இரண்டு மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால் உண்மையில் பயன்படுவது 5 மெகாபிக்சல். நான்கு மடங்கு செய்தால் ஒன்றேகால். மீதி பிக்சல்களை அக்கம்பக்கத்தைப் பார்த்து அதுவே இட்டுக்கட்டிக்கொள்கிறது. இருக்கிற மாவில் தண்ணீரை ஊற்றித் தோசை எண்ணிக்கையைக் கூட்டுகிற வித்தை இது. திரையில் தெரியும் ஜூம் பட்டையில் ஒரு சிறு கோடோ நிறமாற்றமோ இருக்கும். அதைத் தாண்டினால் தண்ணீர் ஆரம்பம். மெனுவுக்குள் போய் டிஜிட்டல் ஜூமை அணைத்து வைப்பது நல்லது. பெரிதாக வேண்டுமென்றால் பிறகு கணினியில் நிதானமாக வெட்டிக்கொள்ளலாம்.

ஜூம் கூடக்கூட இரண்டு வில்லங்கம் கூடவே வரும். முதலாவது, கை நடுக்கம். பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ் நடுக்கத்தையும் பாரபட்சமின்றிப் பெரிதாக்கும். 200 மி.மீ.யில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/200 விநாடிக்குக் குறையக் கூடாது, 500 மி.மீ.யில் 1/500 என்பது பழைய விதி. நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு உள்ள கேமராவில் இதைக் கொஞ்சம் தளர்த்தலாம். காலையில் இரண்டு டம்ளர் டிகிரி காபி குடித்தவர் தளர்த்தாமல் இருப்பதே நலம். இரண்டாவது, வெளிச்சம். பல லென்ஸ்களில் ஜூமை நீட்ட நீட்டத் துவாரத்தின் விகிதம் சுருங்கும். பி1000-இல் அது எஃப் 2.8-இலிருந்து எஃப் 8-க்குப் போகிறது. உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி ஜூமில் தாலி கட்டுவதை எடுத்துவிடலாம் என்ற திட்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

அடுத்தது ஃபோகஸ். லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் மிகக் கூர்மையாகக் காட்டும். மற்றவை அதற்கு முன்னும் பின்னும் படிப்படியாக மங்கும். இந்தத் தூரத்தை மனிதக் கைதான் வெகுகாலம் திருத்திக்கொண்டிருந்தது. தானே ஃபோகஸ் செய்யும் கேமரா முதன்முதலாகப் பெருமளவில் விற்பனைக்கு வந்தது 1977-இல், கோனிகா சி35 ஏஎஃப் வடிவில். 1985-இல் வந்த மினோல்டா 7000 அந்த வசதியை எஸ்எல்ஆர் கேமராவின் உடலுக்குள்ளேயே வைத்து அமோகமாக விற்றது. அது தன் காப்புரிமை என்று ஹனிவெல் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 1992-இல் மினோல்டா 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமானது. ஆக, கேமரா சுயமாகச் சிந்திக்கத் தொடங்கிய சில வருடங்களிலேயே கோர்ட் வாசலையும் மிதித்துவிட்டது.

கேமரா எப்படிச் சிந்திக்கிறது? இரண்டு வழி. ஒன்று, வேறுபாட்டை அளப்பது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, இருட்டும் வெளிச்சமும் எங்கே பளிச்சென்று பிரிகின்றன என்று பார்க்கும். உச்சத்தைத் தாண்டிப் போன பிறகுதான் அது உச்சம் என்றே தெரியும் என்பதால் திரும்பி வரும். ‘சிர்க், சிர்க்’ என்று லென்ஸ் அலைவது இதனால்தான். மற்றொன்று, லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் பிம்பங்களை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று முதலிலேயே கணக்கிடுவது. இது வேகமானது. ஆனால் இரண்டுக்குமே பிடித்துக்கொள்ள ஒரு கோடோ விளிம்போ வேண்டும். வெள்ளைச் சுவர் முன்னால், வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகத் தலைவர் நிற்கும்போது கேமரா தடுமாறுவது அரசியல் காரணத்தால் அல்ல. எங்கே பார்த்தாலும் வெள்ளை. கடைசியில் கரையைக் கண்டுபிடித்து அதைப் பற்றிக்கொள்ளும். படத்தில் வேட்டிக் கரையின் இழை ஒவ்வொன்றையும் எண்ணலாம். முகம் மூடுபனியில் இருக்கும். ஹோமப் புகையிலும் இருட்டிலும் இதே கதிதான். கரையிலோ சட்டைப் பையின் பேனாவிலோ பிடிக்க விடாமல், முகத்தில் கண் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது எடுப்பவரின் கடமை.

காட்டிக்கொடுக்கும் வழி, பாதி அழுத்தம். ஷட்டர் பொத்தானை முழுதாக அழுத்தாமல் பாதியில் நிறுத்தினால் கேமரா ஃபோகஸ் செய்து, ‘பீப்’ என்று சொல்லி, பச்சைக் கட்டம் போடும். விரலை எடுக்காமல் வைத்திருக்கும்வரை அந்தத் தூரம் பூட்டப்பட்டிருக்கும். மணமக்கள் படத்துக்கு இது இல்லாமல் முடியாது. ஃபோகஸ் புள்ளி நடுவில் இருக்கிறது. மணமக்களோ நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். புள்ளி அந்த இடைவெளி வழியாகப் புகுந்து, பின்னால் தெர்மகோலில் வெட்டி ஒட்டிய பெயர்களைப் பிடித்துக்கொள்ளும். ஆல்பத்தில் பெயர்கள் துல்லியமாக இருக்கும். பெயருக்கு உரியவர்கள் மங்கலாக இருப்பார்கள். பெண்ணின் முகத்தில் வைத்துப் பாதி அழுத்தி, அப்படியே கேமராவைத் திருப்பி, பிறகு முழுதாக அழுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. புள்ளியையே நகர்த்தி வைக்கும் வசதியும் பெரும்பாலான கேமராக்களில் உண்டு.

முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் நிலையும் உண்டு. இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் நேராகத் தெரிந்தால் போதும், கட்டம் போட்டுவிடும். உயிர் இருக்கிறதா என்று விசாரிக்காது. நவராத்திரி கொலுவில், படியில் மளிகைக் கடை விரித்திருக்கும் செட்டியார் பொம்மைக்குக் கட்டம் விழும். பட்டுப்பாவாடையோடு பக்கத்தில் நிற்கும் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால் அதற்கு விழாது. சுவரில் மாலை போட்ட தாத்தாவுக்கும் சில வீடுகளில் இந்த மரியாதை கிடைக்கிறது. 2007-இல் சோனி, சிரித்தால் மட்டும் தானே படம் எடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. போட்டோ என்றாலே விறைப்பாக நிற்க வேண்டும் என்று வளர்ந்த பெரியப்பாக்கள் உள்ள குடும்பத்தில் அதை இயக்கி வைத்தால், கேமரா காத்துக்கொண்டே இருக்கும்.

அசையாத பொருளுக்கு ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டும் நிலை; அசைவதற்கு விடாமல் பின்தொடரும் நிலை. இரண்டையும் மாற்றி வைத்தால் ஓடும் குழந்தை கலங்கும். வேடந்தாங்கலில் பறந்து வரும் நத்தைக்குத்தி நாரையைப் பின்தொடரும் நிலையில் வைத்து எடுப்பதே முறை. ஆனால் அது மரத்தருகே வந்ததும் ஃபோகஸ் கிளைக்குத் தாவிவிடும்; கேமராவைப் பொறுத்தவரை கிளை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது, நன்றாக ஒத்துழைக்கிறது, பறக்கவும் இல்லை. வலைக்குப் பின்னால் இருக்கும் பறவையை எடுத்தாலும் வலைதான் அழகாக விழும். அங்கே ஃபோகஸைச் சிறு புள்ளியாக்கி, வலையை ஒட்டி நின்று, ஜூமை நீட்டினால் வலை கரைந்து காணாமல் போகும்.

பூப் படம் போட்ட பொத்தான் மேக்ரோ. மிகக் கிட்டத்தில் இருப்பதை எடுக்க. மலைப் படம், தொலைதூரத்துக்கு. மல்லிகை மொட்டை எடுக்க ஜூமை முழுதாக நீட்டிக்கொண்டு போவது பலரின் பழக்கம். சிறிய கேமராக்களில் ஜூம் நீள நீளக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரமும் நீண்டுவிடும். அகல முனையில் சில சென்டிமீட்டர் வரை நெருங்க விடும் லென்ஸ், மறுமுனையில் ஒரு மீட்டருக்கு அப்பால் போகச் சொல்லலாம். மேக்ரோவுக்கு ஜூமைச் சுருக்கிக்கொண்டு ஆளே கிட்டே போக வேண்டும்.

எதுவும் கைகொடுக்காதபோது ‘எம்எஃப்’. கையால் வளையத்தைத் திருப்பி, திரையில் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யலாம். இந்தச் சுவிட்ச் பைக்குள் உரசித் தானாக மாறிவிடுவதும் உண்டு. அன்று கேமரா கெட்டுவிட்டது என்று வீட்டில் துக்கம் அனுஷ்டிப்பார்கள். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் உள்ள சிறு சக்கரம் வேறு விஷயம். அது பார்ப்பவரின் கண் பவருக்கு. அதைத் திருகினால் படம் மாறாது, பார்வைதான் மாறும்.

வரிசை முக்கியம்: முதலில் ஜூம், பிறகு ஃபோகஸ், பிறகு முழு அழுத்தம். ஃபோகஸ் செய்த பிறகு ஜூமைத் தொட்டால் பல லென்ஸ்களில் ஃபோகஸ் நழுவிவிடும். மறுபடி பாதி அழுத்த வேண்டும். இந்த ஃபோகஸ் தொல்லையே வேண்டாம், படம் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று லைட்ரோ நிறுவனம் 2012-இல் ஒரு கேமராவை விற்றது. எடுத்த படத்தில் எங்கே தொட்டாலும் அந்த இடம் தெளிவாகும். நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. மற்ற கேமராக்காரர்கள் இன்னும் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கடைசி வேலை, சரிபார்ப்பது. மூன்று அங்குலத் திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிமை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அதையும் குழு கலைவதற்குள் பார்க்க வேண்டும். பந்தியில் இலை போட்டாயிற்று என்று ஒரு குரல் கேட்டுவிட்டால், அதன் பிறகு எந்த ஃபோகஸாலும் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியாது.