டேங்கிப் பெட்டி வாங்கியாந்த பேராண்டிக்கு

வா கண்ணு, வா. உக்கடத்துல பழைய இரும்புக்குள்ள கெடந்த ரேடியோவ எடை போட்டு வாங்கியாந்துட்டயாமா? உங்கம்மா சொல்லிச் சிரிக்கறா. நான் சிரிக்கமாட்டேன். ஊர்ல அவனவன் புது நிட்டிங் மிசினுக்கு லோன் தேடி அலையறப்ப, ரெண்டாம் உலகப்போர் மிசின ரொக்கம் குடுத்து வாங்குனவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாமான். 19-ஆம் நம்பர் செட்டு. வெள்ளைக்காரன் பட்டாளத்து டேங்கிக்குள்ள வெச்சுப் பேசுனது. மூஞ்சியில இங்கிலீசோட ரஷ்ய எழுத்தும் இருக்குதல்ல? ரஷ்யாக்காரனுக்கும் அனுப்பறதுக்காக அப்படி அடிச்சது. 2 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 8 வரைக்கும் போகும். கடைசி வால்வு 807.

இப்பவே பேட்டரியில மாட்டோணுங்கற. மாட்டு சாமி, தோட்டத்த உந்தம்பி பேர்ல எழுதறதுக்கு எனக்கொண்ணும் வருத்தமில்ல. உள்ள போறது 12 வோல்ட்டுதான். டைனமோட்டர் சுத்துச்சுன்னா அது 500 வாக்குல ஆயிரும். நிறுத்துன பொறகும் கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் அத விடாது. அதனால உள்ள கை விடறப்ப இன்னொரு கை டவுசர் பாக்கெட்டுக்குள்ள இருக்கட்டும்.

மொதல்ல அந்தக் காயிதக் கெப்பாசிட்டருகளக் கழட்டிக் கடாசு. பாத்தாப் புதுசாட்டத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள ஒழுகி, வால்வோட கிரிட்டுல நெகட்டிவ் இருக்கவேண்டிய எடத்துல பாசிட்டிவ ஏத்தி உட்டுரும். அப்பறம் வால்வு செவந்து போச்சுங்க அப்புச்சின்னு எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத.

டியூனிங்கா? ஏரியல எடுத்த எடுப்புல கட்டாத. அதுக்குப் பதுலா ஒரு சின்ன பல்பக் கோத்து உடு. பி.ஏ. குமிழத் திருகு, பல்பு நல்லா எரியற எடத்துல நிறுத்து. ஏரியல் மாட்டுன பொறகு வேரியோமீட்டரத் திருப்பி, மீட்டர் முள்ளு உச்சிக்கு ஏறி எறங்கப் பாக்கற எடத்துல கைய எடுத்துப்போடு. முள்ளு சொல்றதக் கேளு கண்ணு. செல்போனு இங்க ஒண்ணும் சொல்லாது.

மைக்குல மாரியம்மன் நோம்பி மைக்செட்டுக்காரனாட்டக் கத்துனயின்னா உன்ற சத்தம் அக்கம்பக்கத்து அலைவரிசைக்கெல்லாம் செதறும். மெதுவாப் பேசுனாலே போதும். இந்த செட்டு பேசறது ஏ.எம்.-ல. அதுல முழுசா மாடுலேட் பண்ணுனாக்கூட பவர்ல மூணுல ரெண்டு பங்கு ஒரு சேதியும் சொல்லாத கேரியருக்கே போயிரும். இதனாலதான் ஹேம் ரேடியோக்காரங்க முக்காவாசிப்பேரு கேரியர அனுப்பாத எஸ்.எஸ்.பி.-க்கு ஓடிட்டாங்க. ஏ.எம்.-ல உனக்குப் பதுல் சொல்றவன் என்னாட்டக் கெழவனாத்தான் இருப்பான், கல்யாணத்துக்குப் பொண்ணு கெடைக்காது.

அதுவும் இந்த ஊர்ல வெச்சா என்ன கேக்கும்? இன்வெர்ட்டர் டிரைவ் போட்ட மிசினு, எல்.ஈ.டி. லைட்டு, எல்லாம் சேர்ந்து ‘கொர்ர்’னு இரையும். பொங்கலுக்குக் கம்பெனியப் பூட்டிப்போட்டு அவங்கவங்க ஊருக்குப் போன ராத்திரியில தோட்டத்துச் சாளையில வெச்சுக் கேளு, அப்பத் தெரியும்.

கேளுன்னுதான் சொன்னேன். ரேடியோ வெச்சிருக்கறதுக்கே 1933-ல வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டுப் போயிட்டான், பேசறதுக்கு இன்னைக்கும் லைசென்சு வேணும். 2004-ல சுனாமி வந்தப்ப போர்ட் பிளேயர்ல இருந்து ஹேம் ரேடியோவுல சேதி சொன்னாங்களே பாரதி பிரசாத், அந்தம்மாகூட முன்னாடியே அனுமதி வாங்கி, வியூ4-ன்னு ஆரம்பிக்கற அழைப்புக்குறியோட போய் உக்காந்திருந்தவங்கதான். நீயும் பரிச்சை எழுதிப் பாஸ் பண்ணு.

அதுவரைக்கும் கேக்கறதுக்கு மைக்கு எதுக்கு? கொண்டா இப்படி, என்ற பொட்டியில போட்டுப் பூட்டி வெக்கறேன்.