கொண்டை ஊசியில் தொலைந்த கோடுகள்: கவரேஜ் வரைபட அலுவலகத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

பெறுநர்: கவரேஜ் வரைபடத்துக்கு வண்ணம் பூசும் உயர் அலுவலகம், தலைநகர்.

பொருள்: தருமபுரி மாவட்டம் – வத்தல்மலை – கைபேசிப் பிரியரின் அன்றாடமும் மலைப் பயணமும் – கேட்கப்படாத விவரம் அனுப்பப்படுவது – தொடர்பாக.

கைபேசிப் பிரியர் சமவெளியில் வாழும் இனம். தருமபுரி நகரில் மொபைல் கடைகள் உள்ள தெருக்களில் மாலை வேளைகளில் இவரைக் காணலாம். கண் விழித்ததும் முதலில் பார்ப்பது சார்ஜ் எத்தனை சதவீதம் என்பதை. இரவில் கடைசியாகப் பார்ப்பதும் அதையே. ராம், ஸ்டோரேஜ், மெகாபிக்சல் ஆகிய சொற்கள் இவர் பேச்சில் உறவினர் பெயர்களைவிட அடிக்கடி வரும். டெம்பர் கிளாஸ் ஒட்டும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் அன்றிரவு உறக்கம் இல்லை. புது மாடல் எப்போது வரும், விலை எப்போது இறங்கும், பழையதை எக்ஸ்சேஞ்சில் எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்பதையெல்லாம் கேட்காதவருக்கும் சொல்வார். ஆனால் தமக்குப் பிடித்துப்போன போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போடமாட்டார். மூலையில் கீறல் விழுந்தாலும் புதுக் கவர் மாட்டி, “இந்தக் கேமரா இப்ப வர்ற எதுலயும் இல்லண்ணா” என்பார். கடைக்காரர் இதை மறுப்பதில்லை. கவர் விற்றாகிவிட்டது.

இந்த இனத்தின் வரலாறு நீண்டதன்று. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்ததே நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த அந்தக் காலத்தில் பிரியர் தோன்ற வழியில்லை. மணி அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்தவர்களே இருந்தார்கள். 2003இல் வரும் அழைப்பு இலவசமானது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின் இனம் பல்கிப் பெருகியது. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கி வைக்கப்பட்டதும், திரையின் மூலையில் அந்த இரண்டு எழுத்து தெரிந்தால் போதும், அதை வைத்து என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற முதிர்ச்சியை அது எட்டியது.

விடுமுறை நாட்களில் இந்த இனம் இடம்பெயர்கிறது. தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், கிழக்குத் தொடர்ச்சி மலையில், மூவாயிரம் அடிக்கு மேல் இருக்கும் வத்தல்மலை அதற்கு வாகான இடம். ஏற்காட்டுக் கூட்டம் இல்லை, ஏற்காட்டு விலையும் இல்லை. வண்டியின் ஹேண்டில்பாரில் போன் ஹோல்டர், பையில் பவர் பேங்க், அதற்கு ஒரு கேபிள், அந்தக் கேபிள் கைவிட்டால் இன்னொரு கேபிள். தண்ணீர் பாட்டில் பல சமயம் மறந்துபோகும். அடிவாரத்தில் நின்று ஒரு செல்ஃபி. அது உடனே ஸ்டேட்டஸில் ஏறிவிடும். அன்றைய தினம் தயங்காமல் ஏறும் கடைசிப் படம் பெரும்பாலும் அதுதான்.

அதற்கு மேல் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேன்மைமிகு அலுவலகத்தின் வரைபடத்தில் மலை என்பது ஒரே சீரான வண்ணமாக இருக்கக்கூடும். சாலையில் அப்படி இல்லை. கைபேசி அலை நேர்க்கோட்டுப் பார்வையை விரும்புவது. நகர டவர்களின் ஆன்டெனாக்கள், ஆள் நிறைந்த தெருக்களை நோக்கிச் சற்றே கீழ்ப்பக்கம் சாய்த்து வைக்கப்படுபவை. மலைச்சரிவில் நிற்பவருக்குக் கிடைப்பது அவற்றின் மிச்சம். வண்டி ஒரு வளைவில் சமவெளியைப் பார்த்துத் திரும்பினால் திரையில் சிக்னல் கோடு நிறைந்து நிற்கும். அடுத்த வளைவில் மலையின் முதுகு குறுக்கே வந்தால் கோடும் போகும். அலைவரிசைக்கும் இதில் பங்குண்டு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தொலைவு போகும், மேடு பள்ளத்தைக் கொஞ்சம் சுற்றியும் வரும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், பொறுமை குறைவு. பாறை ஒன்று குறுக்கிட்டால் திரும்பிப் பார்க்காது. ஆகவே முதலில் மறைவது பிரியர் காசு கொடுத்து வாங்கிய 5ஜி. பிறகு 4ஜி. பிறகு ‘ஈ’ என்ற ஒற்றை எழுத்து, தாத்தா காலத்து எட்ஜ். கடைசியில் ஒரு பெருக்கல் குறி.

டவர் எட்டாத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. டவர் தூரமாகத் தூரமாகப் போன் தன் அலைபரப்பும் ஆற்றலைக் கூட்டும். 4ஜி போனில் அதன் உச்சம் ஏறத்தாழ 200 மில்லிவாட். டவரே இல்லையென்றால் ஒவ்வொரு அலைவரிசையாகத் தேடிக்கொண்டே இருக்கும். போன் சூடாகும், பேட்டரி கரையும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் பேட்டரி தப்பிக்கும் என்பது பிரியருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், அதைப் போட்டு உடனே எடுப்பார். மறுபடி போட்டு எடுப்பார். பிறகு சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டுவார். பிறகு கையை உயர்த்தி, போனை வானத்துக்குக் காட்டியபடி சாலையோரத்தில் நடப்பார். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வழிபாடு போலத் தோன்றலாம். உள்ளூர்க்காரர்கள் ஏற்ற இடத்தைக் கைகாட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள்.

இங்கே அலுவலகத்தின் பெருமைகளைப் பதிவு செய்வது கடமை. 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பாதியில் அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்புகள் வரை, சந்தாதாரருக்கு இழப்பீடு தரச் சொன்னது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அது நிலைத்திருந்தாலும் மலையில் ஒரு பைசா பெயர்ந்திருக்காது. அறுந்துபோக வேண்டுமானால் அழைப்பு முதலில் இணைய வேண்டும். இணையாத அழைப்புக்குத் துண்டிப்பு என்பதே இல்லை. இந்தக் கணக்கின்படி, டவரே எட்டாத பள்ளத்தாக்கில் அழைப்புத் துண்டிப்பு சுழியம் சதவீதம். அனுமதிக்கப்பட்ட வரம்பு 2 சதவீதம். நாட்டின் மிகச் சிறந்த கைபேசிச் சேவை, போன் வேலை செய்யாத இடங்களில்தான் கிடைக்கிறது. இதற்கு விருது ஏதும் இதுவரை வழங்கப்படாதது வியப்பே.

2024இல் வெளியான சேவைத்தர விதிகள், நிறுவனங்கள் தத்தம் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. நல்ல ஏற்பாடு. ஓர் இடத்தில் சிக்னல் இருக்கிறதா என்பதை அங்கே நின்றபடியே எவரும் தெரிந்துகொள்ளலாம், அங்கே சிக்னல் இருந்தால். வரைபடம் திறக்காவிட்டாலும் அதுவே ஒரு விடைதான் என்பதால் இந்த ஏற்பாட்டில் குறை காண முடியாது. குறை உண்டென்று பிடிவாதம் பிடிப்பவர் 198 என்ற எண்ணை அழைக்கலாம். அதே போனிலிருந்து.

பிரியர் மலையில் துன்பப்படுகிறார் என்று அலுவலகம் கருதினால் அது தவறு. அரை மணி நேரம் தவிப்பார், அவ்வளவுதான். பிறகு கேமரா ஓடும். அதற்கு டவர் தேவையில்லை. முன்பே இறக்கி வைத்த பாட்டு ஓடும். டார்ச் எரியும், திசைகாட்டி காட்டும். வரைபடத்தை வீட்டிலேயே ஆஃப்லைனில் சேமித்திருந்தால் வழியும் தெரியும். தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் குறிப்பு எந்தச் சந்தாவும் இல்லாமல் வந்து சேர்கிறது. டவரின் உதவி இல்லாததால் முதல் முறை இடம் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமெடுக்கும். பக்கத்து முகட்டுக்கு அப்பால் உள்ள டவரிலிருந்துதான் ஒன்றும் வருவதில்லை. மாலையில் இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் நாள் முழுதும் சேர்ந்த செய்திகள் மொத்தமாக வந்து விழும். அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டே இருபது படங்களை ஏற்றிவிட்டு, ‘நெட் இல்லாத ஒரு நாள், என்ன நிம்மதி’ என்று தலைப்பிடுவார். பிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவே.

இனி, இடம்பெயராமல் அங்கேயே இருப்பவர்கள். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு, நாயக்கனூர் என்று மலைமேல் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். காபியும் மிளகும் வளர்க்கிறார்கள். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மலைக்கு வந்து அவர்களிடம் குறை கேட்டார். அரசுப் பேருந்து மலையேறத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். பேருந்துக்கு முன்பே மலையேறியவை சில உண்டு. அவற்றுள் தலையாயது ஓ.டி.பி.

பிரியரின் போன் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை டவர் இல்லாமலும் நடக்கின்றன என்பது மேலே கண்டது. அரசு, போனின் வழியே செய்யச் சொல்லும் வேலைகளோ அநேகமாக எல்லாமே டவர் இருந்தால்தான் நடக்கும். பொழுதுபோக்கை மலையில் செய்யலாம், கடமையைச் செய்ய முடியாது. ரேஷன் கடையில் பில் போடும் கருவி விரல் ரேகையைச் சரிபார்க்க இணைப்பைத் தேடும். பி.எம். கிசான் தவணைக்கு 2022இல் இ-கேஒய்சி கட்டாயமாக்கப்பட்டது; ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், சில நிமிடங்களில் காலாவதியாகும். அந்த நிமிடங்களை நிர்ணயித்தவர் மேசையிலிருந்து எழாமல் அதைப் பெறுபவர். மலையில் ஓ.டி.பி.யைப் பெறச் சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போக வேண்டும். அதைக் கணினியில் அடிப்பவரோ இ-சேவை மையத்தில் இருப்பார். பாறையும் மையமும் ஒரே இடத்தில் அமைந்த ஊர் பாக்கியம் செய்தது.

நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவு செயலி வழியாக மட்டுமே என்றானது. பணித்தளத்தில் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டும் இடக்குறியோடு. இணைப்பு இல்லாவிட்டால் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் ஏற்றலாம் என்று சலுகையும் தரப்பட்டது. மலை ஊர்களில் இணைப்பு தானாக வருவதில்லை, பணித்தளப் பொறுப்பாளர்தான் அதனிடம் போக வேண்டும். மண் வெட்டியவருக்குக் கூலி உண்டு. வெட்டிய படத்தை ஏற்ற மேடேறி நின்றவரின் நடைக்குக் கூலி உண்டா என்பது செயலியில் இடம்பெறவில்லை.

படிப்பும் இதே வழியில் போனது. கொரோனாக் காலத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, நாமக்கல் மாவட்டத்தின் மலையடிவார ஊர்களில் மாணவர்கள் சிக்னலுக்காக ஆலமரக் கிளைகளில் ஏறி அமர்ந்து பாடம் கேட்ட படம் 2021இல் செய்தித்தாள்களில் வந்தது. அந்தப் படத்தைக் கைபேசிப் பிரியர்கள் மிகுதியாகப் பகிர்ந்தார்கள், சமவெளியில் இருந்தபடி.

பணம் இல்லை என்று அலுவலகம் சொல்ல இயலாது. ஊரகத் தொலைத்தொடர்புக்கென 2002 முதல் ஒரு நிதி இருக்கிறது. நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. அதாவது பிரியர் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் ஒரு துளி. 2024இல் அந்த நிதிக்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றத்துக்கு டவர் தேவைப்படாததால் அது தடையின்றி நிறைவேறியது. 2022 ஜூலையில், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்குச் சேவை தர 26,316 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, பணி பி.எஸ்.என்.எல்.லிடம். தொகை பெரிது, நோக்கமும் நல்லது. ஆனால் கணக்கில் வருவது கிராமம். மலையில் மக்கள் வாழ்வது கிராமம் என்ற ஒற்றைப் பெயருக்குள் முகட்டுக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும் சிற்றூர்களில். ஒரு சிற்றூரில் கோடு தெரிந்தால் மொத்தக் கிராமமும் வண்ணம் பெற்றுவிடும். குறுக்கே உள்ள முகட்டை வரைபடம் மதிப்பதில்லை. அலை மட்டுமே மதிக்கிறது.

மேற்கண்டவற்றை ஒட்டிச் சில விண்ணப்பங்கள். மலைக்கு ஒரே வண்ணம் பூசுவதை விட்டு, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பூசலாம். சாயம் கூடுதலாகத் தேவைப்படாது, பல வளைவுகளுக்கு வெள்ளையே போதும். மலை ஊர்களின் ஓ.டி.பி.க்கு ஆயுளை நிமிடத்தில் அல்லாமல், பாறையிலிருந்து மையத்துக்கு நடக்கும் தூரத்தில் நிர்ணயிக்கலாம். வண்ணம் பூசும் அலுவலர் ஒருமுறை தருமபுரியிலிருந்து பேருந்திலேயே ஏறி வந்து, பெரியூரில் இறங்கித் தம் சொந்தப் போனில், தம் வீட்டாரின் பி.எம். கிசான் இ-கேஒய்சியைத் தாமே முடித்துக் காட்டலாம். வழியில் அவர் திரையில் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்று தெரிந்தால் அஞ்ச வேண்டாம். சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோதும், வேறு எந்த நிறுவனத்தின் டவர் எட்டினாலும் 112க்குப் பேச முடியும். அந்த ஓர் அழைப்புக்கு எல்லா நிறுவனங்களும் தங்கள் டவரைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த டவரும் எட்டாத வளைவு என்றால், உள்ளூர்க்காரர் எவரேனும் பாறை இருக்கும் திசையைக் காட்டுவார்.

இணைப்பு: கவரேஜ் வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று (அடிவாரத்தில் எடுத்தது).

நகல்: சிற்றூர்களின் அறிவிப்புப் பலகைகளுக்கு, தபால் மூலம்.